வண்டி நின்ற பிறகு

"போனக் குடு புள்ள. நா பேசிக்கிறேன்."

சித்தப்பா சின்னச்சாமி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஜெயக்கொடி போனை முந்தானையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். இன்றைக்குத் தெருவே கோச்சடை வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தது, ஐஸ் பெட்டியில் படுத்திருந்த அவளுடைய அப்பா முத்திருளனைச் சுற்றி.

"இப்பப் பேச முடியாது சித்தப்பா. அண்ணே ஆகாசத்துல இருக்கு."

"ஏறுறதுக்கு முந்தியே ஒனக்குத் தெரியும்ல?"

தெரியும். அதுதானே வினை. விடியக்காலையில் அம்மா டீயோடு போய் எழுப்பியபோது அப்பா எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அண்ணன் தங்கப்பாண்டியின் குரல் பதிவு போனில் வந்து விழுந்தது. வளைகுடாவில் ஒரு விமானக் கம்பெனியில் அவன் ஒப்பந்த விமானி. "ஏ ஜெயா, கெளம்பப் போறேன். இன்னிக்கி மலேசியா. நம்ம வீட்டுக்கு மேலதான். அப்பாவ மாடிக்கு ஏறச் சொல்லு." அதைக் கேட்டுவிட்டு 'சரிண்ணே' என்று மட்டும் தட்டி அனுப்பினாள். பாவி மகள், அந்த ஒரு வார்த்தையை எப்படித்தான் தட்டினாளோ.

"சொல்லியிருந்தா எறங்கியிருப்பான். வேற பிளேனப் பிடிச்சு சாயங்காலம் வந்து நின்னுருப்பான். இப்ப மலேசியா போயி, அங்கிருந்து எப்ப வர்றது? நாளைக்குச் சனிக்கெழம. சனிக்கெழம எடுத்தா பாடையில கோழியக் கட்டித் தூக்கணும், இல்லேன்னா தொணைக்கு இன்னொரு உசுரக் கூட்டிக்கிட்டுப் போயிரும்பாக. எங்கண்ணனக் கோழியோடவா அனுப்பச் சொல்ற? அதெல்லாம் ஆகாது. சாயங்காலமே எடுத்துருவோம். எம்மகன் கொள்ளி வைக்கட்டும்."

ஜெயக்கொடி அம்மாவைப் பார்த்தாள். சோணையம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் படர்ந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் முகம் தெரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கும், மறுபடி துடைப்பாள்.

"அப்பா சொன்னதத்தான் செஞ்சேன் சித்தப்பா."

முத்திருளன் மேலூர் ரூட்டில் பஸ் ஓட்டினவர். அவருடைய அம்மா இறந்த அன்றைக்கு, ஒத்தக்கடையில் வண்டி நின்றபோது கண்டக்டரிடம் யாரோ சேதி சொல்லிவிட்டார்கள். கண்டக்டர் மூச்சு விடவில்லை. விசிலடித்தார், டிக்கெட் கிழித்தார், சில்லறைக்காக ஒரு ஆளோடு சண்டைகூடப் போட்டார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கடைசி ஆளும் இறங்கின பிறகுதான் முன்னால் வந்து, டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வண்டி ஓட்டுறவன்ட்ட சாவுச் சேதி சொல்லக் கூடாது. வண்டி நின்னு ஆளுக எறங்குன பெறகுதான் சொல்லணும். அந்தக் கண்டக்டர் மனுசன்யா!" அப்பா இந்தக் கதையைச் சொல்லாத தீபாவளி கிடையாது. மகன் விமானி ஆனதும் அவனுக்கும் அதே சட்டம்தான். "எனக்கு என்னமும் ஆச்சுன்னா, அவன் எறங்குன பெறகு சொல்லு. அவன் வண்டியில எம்புட்டுப் பேரு!"

ஆனால் காலையில் அண்ணனுடைய வண்டி இன்னும் கிளம்பவே இல்லையே? கிளம்பவில்லைதான். என்றாலும் இது ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். கடைசி நேரத்தில் 'என்னால் முடியாது' என்று சொல்லக் கூசி, அழுகையை விழுங்கிக்கொண்டு அண்ணன் ஓட்டப் போய்விட்டால்? அந்தப் பயம்தான் அவள் வாயைக் கட்டியது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டால் அவன் தன்னை மன்னிப்பானா?

திடீரென்று அலமாரி மேலிருந்து பஸ் ஹாரன் அலறியது. கூடமே தூக்கிவாரிப் போட்டு எழுந்தது. அப்பாவின் போன். விமானங்கள் போகிற வழியைக் காட்டும் ஆப்பில், மகன் ஓட்டுகிற விமானம் மதுரையை நெருங்கினால் அலறும்படி வைத்திருந்தார். அலறினால் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் மாடிக்கு ஓடுவார். நேற்றும் படுக்கப் போகும் முன்னால், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விமானத்தின் நம்பரைத் தட்டி வைத்திருந்தார்.

"அத அமத்துங்கப்பா," என்றார் சின்னச்சாமி.

"அமத்தாதீக." சோணையம்மாள் எழுந்து நின்றாள். "இவுகள வெளிய கொண்டாங்க. புள்ள வர்றான்."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். நாலு பேர் சேர்ந்து ஐஸ் பெட்டியை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே சாமியானாப் பந்தல் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

சின்னச்சாமி பந்தலை அண்ணாந்து பார்த்தார். குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினார். கயிற்று முடிச்சு கைக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். பந்தலின் ஒரு மூலை சரிந்தது. பெட்டிக் கண்ணாடியில் வெயில் விழுந்தது. சோணையம்மாள் அதை இன்னொரு தடவை துடைத்துவிட்டாள்.

மேற்கிலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று மெதுவாக ஏறி வந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

"அதுலயா நம்ம பய இருக்கான்?"

"ஆமா சித்தப்பா."

"எம்புட்டுப் பேரு இருப்பாக?"

"முந்நூறு பேரு இருப்பாக."

சின்னச்சாமி நாற்காலி மேலேயே நின்றார். கோடு கலைந்து வானத்தில் ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் இறங்கினார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

"டேய், மேலூருக்குப் போன் போட்டு ஒரு சேவலுக்குச் சொல்லு. நாளைக்குத்தான் எடுக்குறோம்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்திறங்கியபோது ஜெயக்கொடியின் இடுப்பில் போன் அதிர்ந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வந்து சேந்துட்டேன் ஜெயா. இன்னிக்கி மேகமே இல்ல, வைகை பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. பக்கத்து சீட்டுக்காரன்ட்டக் கூடக் காட்டுனேன், அந்தா அங்கதான் எங்கப்பா நிக்கிறாருன்னு." சிரித்தான். "வந்தாராம்மா?"

"வந்தாருண்ணே."

"வெயில்ல ரொம்ப நேரம் நிக்க விட்டுராத."

"அண்ணே, வண்டி நின்னுருச்சா? ஆளுக எல்லாம் எறங்கிட்டாகளா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அவனும் எல்லாத் தீபாவளிக்கும் அந்தக் கதையைக் கேட்டவன்தான். எங்கேயோ ஒரு பெண் புரியாத பாஷையில் அறிவிப்புச் சொல்வது மட்டும் கேட்டது.

"எறங்கிட்டாக," என்றான் தங்கப்பாண்டி. "எல்லாரும் எறங்கிட்டாக."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவிழ்த்த பந்தல் மூலையை யாரும் திரும்பக் கட்டியிருக்கவில்லை. அது காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.