ஏழாவது கேள்வி

விழா பத்தரைக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு ஆகியும் தலைமை விருந்தினர் வரவில்லை. மில்லர்புரம் மண்டபத்து மேடையில் நானும் நேசக்குமார் அண்ணனும், எங்களுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எனக்கு எரிச்சலாக வந்தது. இதயநோய் ஆராய்ச்சிக்கு விருது கொடுக்கிறவர்கள், உட்காரவைத்தே எங்களுக்கு இரத்தக் கொதிப்பை ஏற்றிவிடுவார்கள் போலிருந்தது.

அண்ணன் முகம் சுளிக்கவில்லை. சாத்தான்குளத்துக்காரர், பொறுமைசாலி, அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர். இந்த விருது அவருடைய பதினோரு வருட உழைப்பு. பாதி இந்த ரேச்சலுடையது என்று ஊரெல்லாம் அவரே சொல்லிக்கொண்டு திரிவார். அதனாலேயே அவர்மேல் எனக்குக் கூடப்பிறந்த பாசம்.

"ஏளா ரேச்சல், காலையிலேர்ந்து நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி முட்டுது. வாய்வுதான். கீழ சோடா கிடைச்சா வாங்கிட்டு வாயேன்" என்றார்.

இறங்கிப்போய் எதிர்க்கடையில் ஒரு பன்னீர் சோடா வாங்கினேன். மூடியைக்கூடத் திறந்துதான் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்து ஏப்பம் விட்டுவிட்டு, "இப்பப் பரவால்ல" என்றார்.

எங்கள் ஆராய்ச்சியே இந்த வாய்வைப் பற்றித்தான். ஆரம்பத்தில் ஆலந்தலையிலும் பெரியதாழையிலும் வீடு வீடாகப் போய், நெஞ்சு வலி வந்ததுண்டா என்று கேட்டோம். எல்லாரும் இல்லை என்றார்கள். ஆனால் ஆட்கள் மாரடைப்பில் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒன்றரை வருடம் முழித்தோம். அப்புறம் பெரியதாழையில், புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மா அண்ணனிடம் சொன்னாள்: "வலின்னு ஒண்ணும் சொல்லலியே ஐயா. வாய்வு ஏறிட்டுன்னுதான் சொன்னாவ. ஓமத்தண்ணி வச்சிக் குடுத்தேன்."

மறுநாளே அண்ணன் எங்கள் கேள்விப் படிவத்தில் ஏழாவது கேள்வியை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்: 'வாய்வு என்று சொல்லி சோடாவோ ஓமத்தண்ணீரோ குடித்தீர்களா?' ஆம், ஆம் என்று பதில் வந்து குவிந்தது. இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறபோது, ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரத்தையெல்லாம் அந்த ஒரு சொல் தின்றுகொண்டிருந்தது. எட்டாவது கேள்வி நான் சேர்த்தது: 'அதை வாங்கிக் கொடுத்தவர் யார்? அவர் வயது, படிப்பு என்ன?' படிக்காதவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒருவழியாக விருந்தினர் வந்தார். விருது கொடுக்கும் சங்கத்தின் செயலாளர் கிளாடிஸ் மைக்கைப் பிடித்துப் பாராட்டுரையை வாசித்தாள். "வாய்வு என்ற சாதாரணச் சொல்லுக்குள் மாரடைப்பு ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்த இருவர்..." கைதட்டல் எழுந்தது. நான் சிரித்தபடி அண்ணன் பக்கம் திரும்பினேன். ஃபேன் தலைக்குமேலேயே சுற்றியும் அவர் சட்டை நனைந்திருந்தது. நாற்காலிக் காலடியில் பன்னீர் சோடா பாட்டில் கிடந்தது.

அவர் பக்கம் குனிந்தேன். "அண்ணே, எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"சும்மா இருளா. வெறும் வாய்வு. அஞ்சு நிமிசம், வாங்கிட்டே போயிருவோம்."

கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டார். பதினோரு வருடம் காத்திருந்த மனுஷன். நான் எழுந்துபோய் கிளாடிஸ் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். வீடு வீடாகப் போய்க் கேட்ட அதே குரலில் கேட்டேன்.

"ஏழாவது கேள்வி. வாய்வுன்னு சொல்லி சோடா குடிச்சீங்களா?"

நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்து மண்டபமே சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டு, "ஆமா" என்றார்.

"இடது தோள்பட்டையில உளைச்சல் உண்டா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ரேச்சலிடம் பொய் சொல்வார். படிவத்துக்குப் பொய் சொல்ல அவருக்கு வராது.

"உண்டு."

"எத்தனை மணியிலேர்ந்து?"

"எட்டு" என்றார். சொல்லிவிட்டு அவராகவே எழுந்து நின்றார்.

விருந்தினர் காரிலேயே கொண்டுபோனோம். இடப்பக்கத்துப் பெரிய இரத்தக்குழாயில் அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அதைக் கேட்கத் தெம்பில்லாமல் வராந்தாவுக்கு வந்து அழுது தீர்த்தேன்.

மூன்றாம் நாள் கிளாடிஸ் பொன்னாடைகளை வார்டுக்கே கொண்டுவந்தாள். அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பையில படிவம் வச்சிருப்பியே, எடு. என்னையும் சேத்துக்கோ" என்றார்.

பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினேன். ஏழாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். எட்டாவதில் பேனா நின்றுவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்கமுடியவில்லை.

"எழுதுளா. உண்மையத்தான எழுதணும்."

எழுதினேன். வாங்கிக் கொடுத்தவர்: ரேச்சல். வயது: நாற்பத்தெட்டு. படிப்பு: இதயநோய் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம்.