செவ்வாய், வெள்ளி எரிந்த அடுப்பு

மனைவி இறந்த பிறகு நான் சமைக்கவில்லை. டீயும் பன்னுமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புகையில்லா அடுப்பு ஆய்வில் களப்பணிக்குச் சேர்ந்தேன்.

ஏழை வீடுகளுக்கு இலவசமாக அடுப்பு கொடுத்தால் உண்மையிலேயே பயன்படுத்துவார்களா? இதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. தெருவின் ஒரு வரிசைக்கு அடுப்பு கொடுத்தோம். எதிர் வரிசைக்கு வெறும் கேள்விகள் மட்டும். எதிர் வரிசைக்காரர்கள் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள்.

வாய்ச்சொல்லை நம்ப முடியாது என்று ஒவ்வொரு அடுப்பின் அடியிலும் பொத்தான் அளவில் ஒரு வெப்பமானியை ஒட்டியிருந்தோம். அடுப்பு சூடானால் அது நாளையும் நேரத்தையும் பதிந்துகொள்ளும்.

நான் போன முதல் வீடு ஒரு தையல்காரியுடையது. அடுப்புக்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். ஓரத்தில் லேஸ் வேறு.

"என்ன தம்பி, இப்படிக் காஞ்சு போயிருக்க? வீட்ல யாரு சமைக்கறா?"

"யாரும் இல்லக்கா."

"கல்யாணம் ஆகலையா?"

"ஆச்சு. இறந்துட்டா."

அவள் எழுந்து போய் அடுப்பின் உறையைக் கழற்றினாள். முட்டை பொரித்து, சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கேள்விகளைக் கேட்டேன். அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் என் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கேயும் அடுப்பு எரிந்தது.

செவ்வாயும் வெள்ளியும் என் நாட்கள். ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் சோறு. மூன்றாவது வீட்டில் மறுசோறும் உண்டு. என் பெல்ட்டில் ஓட்டை மாறியது.

சில மாதங்கள் கழித்து, ஆய்வை நடத்தும் சார் வெப்பமானிகள் பதிந்ததை வைத்துப் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். "பாத்தீங்களா? வாரத்துக்கு ரெண்டு தடவை, எல்லா வீட்லயும், ஒழுங்கா! பழக்கம் படிஞ்சிடுச்சு. திங்கட்கிழமை அறிக்கை போகுது. இதே அடுப்பு இன்னும் பத்தாயிரம் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லப் போறேன்."

வரைபடம் போடுகிற மேடம் என்னைப் படிக்கட்டுப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனாள்.

"செவ்வாய், வெள்ளி மட்டும் பசிக்கிற குடும்பம் உலகத்துல எங்கப்பா இருக்கு?"

நான் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சார்கிட்ட சொன்னா உன்னை அந்தத் தெருவுக்கே அனுப்ப மாட்டார். சொல்லலேன்னா பத்தாயிரம் அடுப்பு சும்மா கிடக்கும். கோடு போடறது என் வேலை. அது ஏன் ஏறுதுன்னு உனக்குத்தான் தெரியும்."

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் தையல்காரியிடம் நேராகவே கேட்டேன்.

"நான் வராத நாள்ல இந்த அடுப்பைப் பத்தவைப்பீங்களா அக்கா?"

"எதுக்கு? எங்க வீட்ல எட்டுப் பேரு. எங்க பானையை இது மேல ஏத்தினா குடிச்சவன் மாதிரி ஆடுது. ஒரு ஆளுக்குச் சமைக்கத்தான் இது லாயக்கு."

"இத்தனை நாளா சொல்லவே இல்லையே."

"நீ எங்க கேட்ட? அடுப்பு பிடிச்சிருக்கான்னு கேட்ட. பிடிச்சிருக்கு, அழகா இருக்கு. பயன்படுத்தறீங்களான்னு கேட்ட. வாய் நிறைய சோத்தை வெச்சுகிட்டு நீயே கேட்டா, இல்லன்னு சொல்ல முடியுமா?"

சனி, ஞாயிறு முழுக்க யோசித்தேன். அந்த இரண்டு நாட்களைத் தவிர நான் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அது தொடரும். மேடம் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

திங்கட்கிழமை காலை சார் அறைக்குப் போனேன்.

"அது பயன்பாடு இல்ல சார்."

"பின்ன என்ன?"

"பரிதாபம்."

எல்லாவற்றையும் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு ஆர்வம்தான் வந்தது.

"அதான் மூணாவது வீட்ல மட்டும் கோடு உசரமா போகுதா?"

"அங்க மறுசோறு உண்டு சார்."

"நீ சொல்றதையும் சும்மா நம்ப முடியாதே. சோதிக்கணும். கொஞ்ச நாள் அந்தப் பக்கமே தலை காட்டாத."

மறுபடி பன். பிறகு ஒருநாள் சார் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"நீ சொன்னது சரி. கோடு செத்துக் கிடக்கு." என் முகத்தைப் பார்த்ததும் பதறினார். "அதாவது... தட்டையா இருக்குப்பா."

அறிக்கை மாறியது. பெரிய பானை உட்காரும் அளவுக்கு அகலமான அடுப்பு செய்து பார்த்த பிறகுதான் பத்தாயிரம் என்று முடிவானது. என்னை நகரத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். கையோடு தண்ணீர்கூடக் கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு.

சொல்லாமல் நின்றுவிட்டது உறுத்தியது. ஒரு ஞாயிறு மத்தியானம் தையல்காரி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"அக்கா, நான் இனி வேலையா வரமாட்டேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். தயவுசெஞ்சு அந்த அடுப்பைப் பத்தவைக்காதீங்க. கணக்கு கெட்டுடும்."

"உனக்குன்னு தனியா எவ பத்தவைக்கப் போறா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்ப நீ விருந்தாளி. செருப்பைக் கழட்டிட்டு வா."

உள்ளே பெரிய பானை பழைய அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. புகையில் பாதிப் பேரின் முகம் தெரியவில்லை. துணி மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு வீடே வட்டமாக உட்கார்ந்திருந்தது.

"நகந்து உக்காருங்க, தம்பிக்கு இடம் விடுங்க" என்றார் அவள் கணவர்.

யாரும் நகரவில்லை. நான்தான் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.