பொறுப்பு: டைரக்டர், கெடு: அடுத்த கூட்டம்

அந்த நிறுவனத்தில் எந்தக் கூட்டமானாலும் முதலில் டைரக்டர் எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு தாளை வாசிப்பார். "நாம் நிற்கும் இந்த நிலமும் பின்னால் இருக்கும் சதுப்பும் இங்குள்ள பூர்வகுடிகளுடையவை. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வோம். அவர்களுக்குத் துணை நிற்போம்." கடைசி வரியில் குரல் லேசாகத் தழுதழுக்கும். எல்லாரும் பயபக்தியோடு தலையைக் குனிந்து செல்போன் பார்ப்பார்கள். அப்புறம் டீ வரும்.

அது ஓர் ஆராய்ச்சி நிறுவனம். ஆராய்ச்சி தண்ணீரைப் பற்றி. தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று படித்துப் பட்டம் வாங்கிய நாற்பது பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலுக்குக் கீழே, கீழ்த்தளத்தில், மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர். கோப்புகள் மூன்று முறை நீச்சல் பழகிவிட்டன. கட்டடம் எழும்பும்போதே சதுப்புக்காரர்கள் வந்து, "இது தண்ணி இறங்குற வழி, தள்ளிக் கட்டுங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டார்களாம். யார் கேட்டார்கள்? சதுப்பைச் சுற்றி வேலி போட்டு, கேட் வைத்து, பூட்டும் போட்டார்கள். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தாள்.

இந்தக் கூத்தையெல்லாம் எழுதி வைப்பவள் மினிட்ஸ் அக்கா. கூட்டக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். மகளின் பள்ளிப் படிவத்தில் 'தாயின் பணி' என்ற கட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் அதையேதான் எழுதுவாள். மகள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ எப்பம்மா நிரந்தரமாவே?" என்று கேட்டாள். மினிட்ஸ் அக்கா படிவத்தை மடித்து அவள் பையில் வைத்தாள்.

டைரக்டரைக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். நல்ல மனுஷர், வாயால் மட்டும். போன ஆண்டுவிழாவில் எல்லார் முன்னாலும், "அக்காவோட நிரந்தர ஆர்டர் டைப் பண்ணி ரெடியா இருக்கு, அது அவங்களுதுதான்" என்றார். கைதட்டினார்கள். கணக்காளர் ஓய்வுபெற்ற அன்றும் அதையே சொன்னார். அன்றும் கைதட்டினார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி.

அவள் குறிப்புத் தாளில் நாலு கட்டம் உண்டு. பேசியது, முடிவு, பொறுப்பு, கெடு. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. டைரக்டர் தன் பூர்வகுடித் தாளை முதன்முதலில் வாசித்த அன்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். நிலம் அவர்களுடையது என்றால் யாராவது கொண்டுபோய்க் கொடுக்கவேண்டுமே? எழுதினாள். முடிவு: நிலத்தை உரியவர்களிடம் ஒப்படைத்தல். பொறுப்பு: டைரக்டர். கெடு: அடுத்த கூட்டம். அடுத்த கூட்டம் வந்தது, காரியம் நடக்கவில்லை. 'நிலுவை' என்று போட்டு, கெடுவை இன்னொரு கூட்டத்துக்குத் தள்ளினாள். இப்படியே முப்பத்தாறு கூட்டம். டைரக்டர் முப்பத்தாறு தடவையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். குறிப்பு வாசல் பலகையில் ஒட்டப்பட்டது.

"நீ எழுதறத எவன் படிக்கிறான்?" என்று தையல் மிஷினை மிதித்தபடி அவள் புருஷன் கேட்பான். அவளுக்கும் அதே சந்தேகம்தான்.

முப்பத்தேழாவது கூட்டம் தடபுடலாக ஏற்பாடானது. சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறார்கள். நிர்வாகக் குழு வந்தது. பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமென்று பூர்வகுடிகளில் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். இறகும் பாசிமணியுமாக யாராவது வருவார்கள் என்று டைரக்டர் எதிர்பார்த்தார் போல. வந்தவள் பஸ் டிரைவர். எதிரே பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையும் வியர்வையுமாக நேரே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

டைரக்டர் வாசித்தார். தழுதழுத்தார். பஸ் டிரைவர் எழுந்து கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க."

"எந்தச் சாவி?"

"கேட்டுச் சாவி. எங்க ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு சார். நாலு பேர் முன்னாடி ஒருத்தர், 'இது உன்னோடது'ன்னு ஒரு தடவ சொன்னா அது மரியாதை. ரெண்டாவது தடவ சொன்னா யோசிச்சுத்தான் சொல்றார்னு எடுத்துக்குவோம். மூணாவது தடவையும் சொல்லிட்டா நாங்க எழுந்து போய் எடுத்துக்கணும். எடுத்துக்கலேன்னா சொன்னவரப் பொய்யர்னு சொன்ன மாதிரி. நீங்க முப்பத்தேழு தடவ சொல்லிட்டீங்க. இன்னும் எத்தன நாள் உங்கள நாங்க அவமானப்படுத்தறது?"

டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "முப்பத்தேழுன்னு யார் சொன்னா?"

"பலகையில முப்பத்தாறு ஒட்டியிருக்கீங்களே, இன்னிக்கு ஒண்ணு. வண்டி எடுக்கப் பத்து நிமிஷம் இருக்கும், வந்து படிப்பேன். பொறுப்பு டைரக்டர், கெடு அடுத்த கூட்டம். கையெழுத்து உங்களுது. எழுதினவங்க யாரு? கோணல்மாணல் இல்லாம எழுதியிருக்காங்க."

மினிட்ஸ் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷத்தில் அவள் எழுதியதை ஒரு ஜீவன் படித்திருக்கிறது!

டைரக்டர் டீ இடைவேளை என்று அறிவித்துவிட்டு, மினிட்ஸ் அக்காவை ஜெராக்ஸ் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? அந்த வரியை எல்லாக் குறிப்புலேருந்தும் எடுத்துடுங்க. இப்பவே. உங்க ஆர்டர் என் டிராயர்லதான் இருக்கு. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன்."

 மகளின் படிவம் அவள் கண்முன் வந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கட்டத்தில் வேறு எழுதலாம். ஆனால் படித்த ஒரே ஆள் வெளியே உட்கார்ந்திருக்கிறாளே.

"சார், கையெழுத்துப் போட்ட குறிப்ப நான் தொடக்கூடாதுங்க. விதி அப்படி. நீங்களே கூட்டத்துல எழுந்து, 'இந்த நிலம் அவங்களுது இல்ல'ன்னு சொல்லணும். குழு கை தூக்கணும். அப்புறம் அடிச்சிடலாம்."

"அவ்வளவுதானே?" என்று டைரக்டர் விறுவிறுவென்று உள்ளே போனார். எழுந்து நின்றார். கேமராக்கள் திரும்பின. பஸ் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். "இந்த நிலம்..." என்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி, "இந்த நிலம்..." முப்பத்தேழு தடவை வழவழவென்று வந்த வாய்க்கு ஒரு 'இல்லை' வரவில்லை. கடைசியில், "சதுப்ப ஒப்படைச்சிடலாம்" என்று முனகிவிட்டு உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்துக்கொண்டே குழு கை தூக்கியது. கட்டடம் நிற்கும் நிலம் மட்டும் நிலுவையில் போனது. கெடு: அடுத்த கூட்டம்.

பஸ் டிரைவர் அன்றே பழைய பூட்டைக் கழற்றிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தன் பூட்டை எடுத்து மாட்டினாள். "தண்ணி அளக்கணும்னா கேட்டுட்டு வாங்க" என்று விஞ்ஞானிகளிடம் சொன்னாள். ஒரு வாரத்தில் அவள் ஆட்கள் கட்டடம் கட்டியபோது கொட்டி, சதுப்பின் வாயை அடைத்திருந்த கல்லையும் மண்ணையும் வாரி வெளியே போட்டார்கள். அடுத்த மழைக்குக் கீழ்த்தளத்தில் கணுக்கால் நனையவில்லை. நாற்பது பேரும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேலே வந்தார்கள்.

மினிட்ஸ் அக்காவின் ஆர்டர் மட்டும் டிராயரிலேயே கிடந்தது.  கேட்டால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

அடுத்த கூட்டத்துக்குச் சதுப்பின் சொந்தக்காரர்கள் சார்பில் பஸ் டிரைவரும் உறுப்பினராக வந்து உட்கார்ந்தாள். கூட்டம் முடியும் நேரத்தில் டீ கொண்டுவருபவர் தட்டை வைத்துக்கொண்டே, "அக்கா ஆர்டர் என்னாச்சு சார்?" என்று போட்டு உடைத்தார்.

டைரக்டர் பல்லைக் காட்டினார். "அது அவங்களுதுதான்! யார் இல்லேன்னா?"

பஸ் டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "இதுக்கு முன்னாடி எத்தன தடவ சொல்லியிருக்கார்?"

"ரெண்டு" என்றார் டீக்காரர். "ரெண்டு தடவையும் கைதட்டினோம்."

"ஏம்மா, இன்னும் உக்காந்திருக்கே? எழுந்திரு."

கூட்டத்தில் உட்கார்ந்து எழுதத்தான் அவளுக்குத் தெரியும். நடுவில் எழுந்ததே இல்லை. எழுந்தாள்.  டைரக்டர் அறைக்குள் போனாள், டிராயரைத் திறந்தாள், தாளை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். தன் பேனாவை மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். டைரக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். இப்போதெல்லாம் எதையும் படிக்காமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. பஸ் டிரைவர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். போட்டார்.

மினிட்ஸ் அக்கா பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்பது வருஷமாகத் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதாதவள் அன்றைக்கு எழுதினாள். முடிவு: பணி நிரந்தரம். பொறுப்பு: நான். கெடு: இன்று.