டெல்பர்ட் வாசிக்காத நான்கு நிமிடம்

எங்கள் லைவ் ஆல்பத்தின் உறையில், பின்பக்கம், கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'அன்று மேடையில் வாசித்தது வாசித்தபடியே.' அதை எழுதிய தயாரிப்பாளர் சால் என்கிற மனுஷனுக்கு வெட்கமே கிடையாது. எனக்கு இருந்தது. வாயைத் திறக்கும் அளவுக்குத்தான் இல்லை.

அறுபத்தொன்பது மார்ச்சில், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பழைய நடன அரங்கில் இரண்டு நாள் பதிவு செய்தோம். கடைசிப் பாட்டில் டெல்பர்ட்டுக்கு நான்கு நிமிடம் தனி வாசிப்பு. குழுவில் முதல் கிட்டார் அவன். நான் பக்கத்தில் நின்று துணைக் கிட்டார் வாசிக்கிறவன். இரண்டு நாளும் விளக்குச் சூட்டில் அவன் கிட்டார் சுருதி இறங்கிவிட்டது. அந்தக் கூச்சலில் அவனுக்கும் தெரியவில்லை, ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கும் தெரியவில்லை. டேப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் அவன் அப்பா தவறிப்போய், அவன் ஃப்ரெஸ்னோவுக்குப் போயிருந்தான். சால் என்னை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார்.

"அவன் வந்ததும் அவனையே வாசிக்கச் சொல்லலாமே," என்றேன்.

"ரிக்கார்டு கம்பெனிக்காரன் வெள்ளிக்கிழமை டேப் கேக்குறான். சாவு வீட்டுக்குப் போன் பண்ணி உன் வாசிப்பு சரியில்லன்னு சொல்லணுமா? இந்தா போன். நீயே சொல்லு."

நான் போனைத் தொடவில்லை. அவன் வாசிப்பை அழித்துவிட்டு, அதே இடத்தில் நான் வாசித்தேன். மூன்று வருடம் பக்கத்தில் நின்றவன். அவன் விரல் எங்கே இழுக்கும், எங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? மூன்றாவது முறை பிரமாதமாக வந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

ஆகஸ்டில் ரிக்கார்டு வந்தது. ஊசி வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். டெல்பர்ட் தரையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

"எங்கப்பா இதைக் கேட்டிருக்கணும்டா, வெண்டல்," என்றான்.

அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

பத்திரிகைகள் அந்த நான்கு நிமிடத்தைத்தான் தூக்கிவைத்து எழுதின. போன ஊரிலெல்லாம் ரிக்கார்டில் இருக்கிற மாதிரியே வேண்டும் என்று கூட்டம் கத்தியது. அவனுக்கு வரவில்லை. விடிந்தால் மோட்டல் அறையில் ரிக்கார்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, தன்னுடையது என்று நம்பியதைத் தானே பாடம் பண்ணினான். விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிருந்தது. சாப்பாடும் இறங்கவில்லை.

அக்டோபரில் போர்ட்லண்டில், ஒரு நாள் காலை, கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான்.

"நான் விலகிக்கறேன்டா. அன்னைக்கு வாசிச்சவன் எங்கயோ போயிட்டான். அவன் வாசிச்சதுல கால்வாசிகூட எனக்கு வரல."

என்னால் பொறுக்க முடியவில்லை. "டெல், அது நீ இல்லடா. நான். நீ ஃப்ரெஸ்னோ போயிருந்தப்ப உன் வாசிப்பை அழிச்சுட்டு நான் வாசிச்சேன்."

அவன் சிரித்தான். "ஆறுதல் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்டா."

நான் அவன் பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்தேன். நான்கு நிமிடமும் வாசித்துக் காட்டினேன், ஒரு சுரம் பிசகாமல். முடித்ததும் டெல்பர்ட் எழுந்து வந்தான். அறைவான் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றே இருந்தது.

அவன் என் இடது கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாம நீயும் உக்காந்து பாடம் பண்ணியிருக்க. எனக்கு வரலன்னு தெரிஞ்சு, எனக்காக." கையை விட்டான். "சரி, விலகல. இன்னைக்கு நான் தடுமாறினா நீ எடுத்து வாசிச்சுடு. கூட்டத்துக்கு நான்தான்னு இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லிடாத, என்ன?"

"சொல்லமாட்டேன்," என்றேன்.