கெட்டிக்கார ஒன்பது

எங்கள் கடலோரத்தில் நிற்கும் பன்னிரண்டு காற்றாலைகளில் ஒன்பதாவதற்கு மட்டும் அலுவலகத்தில் ராஜமரியாதை. குறைந்த காற்றிலேயே நிறைய கரண்ட் தருகிறதாம். கட்டுப்பாட்டு அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் எஞ்சினியர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். ஒன்பதின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பராமரிப்பு ஆள், தினமும் அதன் காலடியில் கிடக்கிறவன். ஒன்பது ஒன்றும் கெட்டிக்கார மெஷின் இல்லை. உச்சியில் காற்றை அளக்கச் சுற்றும் மூன்று குட்டிக் கிண்ணங்கள் கடல் உப்பேறி இறுகிக் கிடக்கின்றன. நொடிக்குப் பதினைந்து மீட்டர் அடிக்கும் காற்றைப் பத்து என்று காட்டும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

காற்று இருபத்தைந்தைத் தாண்டினால் காற்றாலை தானாகவே நின்றுகொள்ள வேண்டும், இல்லையென்றால் இறக்கை முறியும். ஒன்பதுக்கு அது தெரியவே போவதில்லை. அதற்கு நேர் கீழேதான் எங்கள் தகரக் கொட்டகை. உள்ளே நாலு பேர்.

"மச்சான், அந்தக் காத்துமானிய மாத்தணும். பொய் சொல்லுது அது."

"நல்லா ஓடுற மெஷின்ல எதுக்கு மாப்ள கை வைக்கற? சரி, மாத்தணும்னா போய் மாத்து."

"பன்னெண்டுக்கு மேல காத்து அடிச்சா நாங்க ஏறக்கூடாதே. அங்க கால் ஊனி நிக்கவே முடியல."

"திரையில பத்துதானே காட்டுது? தாராளமா ஏறு!"

இந்த மனிதரிடம் என்ன சொல்லி அழுவது?

பத்து நாள் கழித்துக் காற்று அடங்கியது. ஒன்பதை ஒரு மணி நேரம் நிறுத்தித் தரச் சொல்லி மச்சானிடம் ஓடினேன். மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள், ஒன்பது ஓடுவதைக் காட்ட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளைக்குப் புயல் வந்தது.

பிற்பகலில் எட்டு நின்றது. பத்து நின்றது. வரிசையாக எல்லாம் நின்றன. ஒன்பது மட்டும் வெறிபிடித்துச் சுற்றியது, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. போனில் கத்தினேன்.

"பதினெட்டுதான் காட்டுது மாப்ள. மத்ததெல்லாம் படுத்துருச்சு, இது ஒண்ணுதான் நம்ம மானத்தக் காப்பாத்துது. ஓடட்டும் விடு."

மற்ற மூவரையும் ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். தவழ்ந்து போய்க் கோபுரத்தின் கதவைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இறக்கைகள் திரும்பி, முனகி, நின்றன.

மறுநாள் பார்த்தால் ஒன்பதுக்கு ஒரு சேதமும் இல்லை. அதுவே எனக்கு வினையாகிவிட்டது. ஒரு கீறல் இருந்தாலாவது காட்டியிருக்கலாம். அனுமதியில்லாமல் நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மச்சானிடம் போனேன்.

"நீயே பாரு. அங்க காத்து பதினெட்டுக்கு மேல போகவே இல்லையே."

"பக்கத்துலயே நிக்கற எட்டு இருபத்தேழு காட்டியிருக்கு பாருங்க!"

அவர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஆமா மாப்ள. நீ சொன்னது சரிதான். காத்துமானி கோளாறுதான்," என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தாளை நீட்டினார். 'எட்டாம் எண் காற்றாலையின் காற்றுமானி காற்றைக் கூட்டிக் காட்டுகிறது. உடனே மாற்றவும். ஒன்பதை இன்று மதியமே ஓட்டவும்.'

ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப நீங்களும் வாங்க மச்சான். ஒன்பது ஓடும்போது எங்ககூடக் கொட்டகையில வந்து உக்காருங்க."

அவர் எழுந்து ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

"வெளையாடறியா? இந்தக் காத்துல எவனாவது அங்க வந்து உக்காருவானா?"