எட்டில் ஒரு பங்கு நாய்

ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் நரிகளை என்ன செய்வதென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்கு எழும்பியபோதும் அருள்மலர் கதிரையை விட்டு அசையவில்லை. மிருக வைத்தியரான அவள், தம்பலகாமத்து வயல்களிலிருந்து திருகோணமலை நகரத்துக் குப்பைமேடு வரை பரவிவரும் நரிகளின் மரபணுவைத் தேடித் திரிந்தவள். வீதியில் அடிபட்டுச் செத்தவற்றின் காதுத்துண்டுகளை ஐஸ் பெட்டியில் போட்டு, மடியில் வைத்து, பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனவள். சோதித்ததில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அசல் நரி. அந்த ஒன்றில் மட்டும் எட்டில் ஒரு பங்கு நாய். அதன் பூட்டனோ பூட்டியோ ஒரு தெருநாய். பரவிப் போகும் நரிக்கூட்டத்தின் விளிம்பில் சோடி கிடைக்காத நரி நாயோடு சேர்வதுண்டு, பிறகு அந்த நாய் இரத்தம் நரிகளுக்குள்ளேயே கரைந்துவிடும் என்று அவள் விளக்கியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நரியெண்டால் காட்டு மிருகம், கொல்லப்போனால் ஆயிரம் கேள்வி வரும், டொக்டர்," என்றார் கூட்டத்தை நடத்திய அதிகாரி. "நீங்களே நாயெண்டு எழுதித் தந்திட்டீங்கள். இனிப் பிரச்சினை இல்லை."

"நான் அப்பிடி எழுதேல்லை. ஒண்டே ஒண்டிலதான். அதுவும் எட்டில ஒரு பங்கு."

"கலப்பு கலப்புத்தானே."

இந்துத் தகப்பனுக்கும் கத்தோலிக்கத் தாய்க்கும் பிறந்து, அன்புவழிபுரத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தத்திடமும் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவளுக்கு முகம் சுட்டது.

அடுத்த கிழமை, தம்பலகாமத்தில் ஆடு வளர்க்கும் லாபிர் தொலைபேசியில் அழைத்தார். வயல் வரம்பெல்லாம் நஞ்சு தடவிய இறைச்சி. அவள் போய்ச் சேரும்போது அவருடைய காவல் நாய் விறைத்துக் கிடந்தது. சற்றுத் தள்ளி மூன்று நரிகள்.

"ஆட்டுக்குட்டிய நரி தூக்கின எண்டு முறைப்பாடு குடுத்தது நான்தான்," என்றார் லாபிர். "நஞ்சு வைக்கச் சொல்லல்ல டொக்டர்."

அருள்மலர் அதிகாரிக்கு அழைத்தாள்.

"எல்லாம் உங்கட அறிக்கைப்படிதான் செய்தது," என்றார் அவர்.

கையுறையைப் போட்டுக்கொண்டு இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டினாள். லாபிர் ஒரு கை கொடுக்க, நரிகளைச் சாக்கில் சுற்றி வாகனத்தில் ஏற்றினாள். நேரே நகரத்துக்கு வந்து, அதிகாரியின் மேசைக்கு முன்னால் மூன்றையும் வரிசையாகக் கிடத்தினாள். அலுவலுக்கு வந்திருந்த சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது.

"இதில எது நாயெண்டு காட்டுங்கோ."

அவர் வாசலைப் பார்த்தார். "இதென்ன வேலை, டொக்டர்? முதல்ல இதை எடுங்கோ."

"காட்டுங்கோ, எடுக்கிறன்."

அவர் குனியவில்லை. அவளும் நகரவில்லை. நடுவில் கிடந்த பெட்டையின் முலையிலிருந்து பால் கசிந்து, சீமெந்துத் தரையில் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.