வாரத்துக்கு விட்ட கோழி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் கோழியை வாரத்துக்கு விடுவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கோழி இருக்கிறவள் இல்லாதவளிடம் ஒரு பெட்டையைக் கொடுப்பாள். வாங்கியவள் தீனி போட்டு, அடை வைத்து, பொரிக்கிற குஞ்சுகளில் பாதியைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் கோழிக்காரிக்குக் கொடுப்பாள். தாய்க்கோழி மட்டும் என்றைக்கும் கொடுத்தவளுடையது. இதற்குக் கையெழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனாலும் அதுவரை அந்த லயத்தில் ஒருத்தியும் இதில் பிசகினதில்லை.

ரெங்கம்மாவின் கோழிகள் முந்தின மழையில் வெள்ளைக்கழிச்சல் கண்டு மொத்தமாகச் செத்துப்போயிருந்தன. காலிக் கூட்டைப் பார்த்துப் பார்த்து அவள் மூக்கைச் சிந்துவதைப் பொறுக்க மாட்டாமல்தான் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்த ராசம்மா தன் கறுப்புப் பெட்டையைக் கொண்டுவந்து விட்டாள். ராசம்மா அவளைவிட மூத்தவள். கொழுந்து பறிக்கிற மலையில் பக்கத்து நிரையில் நிற்கிறவள். அவள் விட்டதும் ஏதோ கழித்துக்கட்டின கோழியில்லை. ஒரு கூமுட்டைகூட விடாமல் பொரிக்கிற கோழி. பதுளைக் கடைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து கேட்டும் ராசம்மா விற்கவில்லை.

கறுப்பி ரெங்கம்மாவிடம் வந்து எட்டுக் குஞ்சு பொரித்தது. குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மடுல்சீமையிலிருந்து அவளுடைய நாத்தனாரும் நாத்தனார் புருஷனும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம். கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற அரிசியும் மாவும் வந்த வேகத்தில் தீர்ந்துபோகும் காலம். போன தடவை வந்த நாத்தனாருக்கு ரெங்கம்மா ரொட்டியும் சம்பலும்தான் வைத்தாள். அந்த மகராசி அதைத் தின்றுவிட்டுப் போய், தம்பி வீட்டில் காய்ந்த ரொட்டியைக் கடித்துப் பல் ஆடிப்போனதாக மடுல்சீமை முழுக்கத் தமுக்கடித்தாள். அது சுற்றிச் சுற்றி ரெங்கம்மாவின் காதுக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் ரொட்டியை வைத்தால் தன் மானம் கப்பலேறிவிடும் என்று அவள் பயந்தாள். கொல்லைப்புறத்தில் கறுப்பி குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது.

அவள் பார்வை போன இடத்தை அவள் புருஷன் பார்த்துவிட்டான். ராசம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றான். ராசம்மா பதுளைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், என் பங்குக் குஞ்சுகளையும் அவளுக்கே கொடுத்துவிட்டால் போச்சு என்று ரெங்கம்மா வாயை அடைத்தாள். கேட்க நினைக்கிறவள் காத்திருப்பாள். அவள் காத்திருக்கவில்லை. பா பா என்று கூப்பிட்டாள். தினமும் தீனி போடுகிற கை என்று நம்பி அது குடுகுடுவென்று ஓடி வந்தது.

குழம்பு மணத்தது. நாத்தனார் வாசற்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ராசம்மா பதுளையிலிருந்து திரும்பி வந்தாள். ஊரான் வீட்டுச் சோற்றை வாரி வழங்குவதில் நாத்தனாரை மிஞ்ச ஆளில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்கள், ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ராசம்மா மறுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்தவள் கோழியை அறுத்து விருந்து வைத்தவள் என்று நாத்தனார் முன்னால் தெரிந்துவிடுமே என்று ரெங்கம்மாவுக்கு நாக்கு எழவில்லை. அகப்பையை விட்டுத் துழாவி, தொடைக்கறியாகப் பார்த்து ராசம்மாவின் தட்டில் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த பரிகாரம் அவ்வளவுதான்.

ராசம்மா ரசித்துச் சாப்பிட்டாள். நல்லா இருக்கு ரெங்கம்மா என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். யாரிடம் வாங்கின கோழி என்று கேட்டாள்.

“கீழ் லயத்துல வாங்கினேங்க்கா.”

ரெங்கம்மாவின் புருஷன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவேயில்லை. ராசம்மா எழுந்திருக்கும்போது, வீட்டிலிருந்த அவள் பிள்ளைக்கு என்று ஒரு கோப்பையில் குழம்பும் ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள் ரெங்கம்மா.

மறுநாள் கொல்லைப்புறத்தில் குஞ்சுகள் மட்டும் கீச் கீச்சென்று அலைவதைப் பார்த்து ராசம்மா தாய் எங்கே என்றாள். காட்டுப்பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள் ரெங்கம்மா. முதல் பொய்க்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இது சரளமாக வந்தது. அப்படி வந்ததை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ராசம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த களைப்போடு தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து குனிந்து, இறகாவது கிடக்கிறதா என்று தேடினாள். காயத்தோடு எங்காவது பதுங்கியிருக்கும் என்று பா பா என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். ரெங்கம்மாவும் கூடவே போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டாள். செத்தாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த சாயங்காலம் ராசம்மா தேயிலைப் பெட்டிப் பலகைகளும் சுத்தியலுமாக வந்து நின்றாள். கூடு ஆட்டம் கண்டிருப்பதை முன்னமே பார்த்தும் சும்மா விட்டது தன் தப்புத்தான் என்றாள். ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு பலகையை அடிக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் அடித்து முடித்ததும் ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“என் பங்கு வேணாம் ரெங்கம்மா. எட்டையும் நீயே வச்சுக்க. தாயில்லாத குஞ்சுகள நீதான ராப்பகலா பாக்குற. அதுல பாதி கேட்டா நல்லாவா இருக்கும்?”

திட்டியிருந்தால் ரெங்கம்மா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பூனை இல்லக்கா. நாந்தான் அறுத்தேன். அன்னிக்கு நீங்க சாப்பிட்டது அதுதான்.”

ராசம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். பிறகு பேசினாள். குரல் உயரவேயில்லை.

“நாத்தனா வந்திருக்குன்னு கேட்டிருந்தா நானே புடிச்சுக் குடுத்திருப்பேன். கோழி கெடக்குது. நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னேனே ரெங்கம்மா. நீ பாத்துக்கிட்டுதான இருந்த? எம்புள்ளைக்கும் ஊத்திக் குடுத்தியே.”

ரெங்கம்மாவுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. தன் தோலை உரித்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

ராசம்மா மீதி ஆணிகளையும் அடித்துக் கூட்டை முடித்தாள். கதவைத் திறந்து மூடி, இடுக்கு ஏதும் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு குஞ்சுகள் இருந்த கூடையின் பக்கம் குனிந்தாள்.

“என் பங்க எடுத்துக்கிறேன்” என்றாள்.

நல்லது கெட்டது பார்க்காமல் கைக்கு அகப்பட்ட நாலு குஞ்சுகளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். கூட ஒன்று எடுக்கவில்லை, குறைத்தும் எடுக்கவில்லை. வழக்கம் எப்படியோ அப்படியே எடுத்துக்கொண்டு தன் காம்பராவுக்குள் போனாள். எட்டையும் அள்ளிக்கொண்டு, கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுத்துவிட்டும் போயிருந்தால் எவ்வளவோ தேவலை என்று ரெங்கம்மாவுக்கு இருந்தது.